வாசல் வழியாக

பக்கத்தில் வந்து உட்காருங்கள் மக்களே. தென்காசியில் முத்துவடிவு தன் புருஷனை வழியனுப்பிய கதையைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றதும், வாடகை வீட்டின் சொந்தக்காரி ஆனந்தவள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க மதினி. வாடகை வீட்டுல பொணத்தக் கெடத்துனா, பெறவு எவன் குடி வருவான்?"

முத்துவடிவு சண்டைக்குப் போகவில்லை. வேனுக்குள் போர்த்திக் கிடந்த புருஷன் இசக்கிமணியை ஒருமுறை பார்த்தாள். மகனிடம், "வண்டிய நம்ம வீட்டுக்கு விடச் சொல்லு" என்றாள்.

"எம்மா, அங்கன வீடு எங்க இருக்கு?" என்றான் பாண்டிராஜ்.

"இருக்கது போதும்லே."

ரயில் பாதைக்கு அடியில் சுரங்கச் சாலை தோண்ட, அந்தத் தெருவையே இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் முன்சுவரும் ஓடும் போய்விட்டன. கதவில்லாத தேக்கு நிலை மட்டும் படியோடு தனியாக நின்றது. மிச்சத்தை இடிக்க வந்திருந்த ஜேசிபி ஓட்டுநர் அஹ்சன், வேனைப் பார்த்ததும் என்ஜினை அணைத்தான்.

"எடுக்குத வரைக்கும் கெடக்கட்டும் ஆச்சி. கேட்டா, வண்டி ரிப்பேருன்னு சொல்லிக்கிடுதேன்."

குற்றாலத்துச் சாரல் வீட்டுக்குள்ளேயே விழுந்தது. பாண்டிராஜ் அப்பாவின் முகத்துக்கு மேலே குடை பிடித்தான். பழைய பக்கத்து வீட்டு முப்பிடாதி ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தி, "துளி நனைஞ்சாலே தும்முவாரே மனுசன்" என்று மூக்கைச் சிந்தினாள்.

பாடையைத் தோளில் ஏற்றியவர்கள், சுவரில்லாத பக்கமாக நேரே தெருவில் இறங்கப் போனார்கள்.

"ஏலே, நில்லுங்க! வாசல் இங்கனல்லா இருக்கு?"

"எம்மா, எல்லாம் வெளிதான?"

"உங்கப்பா களவாணியாலே, சந்து பாத்துப் போக?"

முத்துவடிவு நிலைப்படி ஓரமாகப் போய் நின்றாள். நாலு பேரும் திரும்பினார்கள். நிலை குறுகல். முழங்கால் மடக்கி, பாடையை ஒருச்சாய்த்து, மேலே தட்டாமல் மெதுவாக அவரை வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள்.

தெருமுனையில் சங்குச் சத்தம் ஓய்ந்தது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. பிணம் போன வீட்டைக் கழுவிவிட வேண்டும். அஹ்சன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். முத்துவடிவு மூலைமூலையாகத் தேய்த்துக் கழுவினாள்.

"இன்னும் வேணுமா ஆச்சி?"

"இன்னும் ஒரு கொடம்யா."

கழுவிய தரையில் சாரல் மறுபடியும் செம்மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தது. அவள் முதல் மூலையிலிருந்து தொடங்கினாள். அஹ்சன் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தான்.

விடிந்தால் வாசல் தெளிக்க உங்கள் வீட்டில் என்றைக்கும் ஒரு கை இருக்கட்டும், மக்களே.