பச்சைப் புத்தகத்தில் எதிரிகள் இல்லை

அந்தப் பதிப்பகத்தில் ஒவ்வொரு சரித்திரக் கதையையும் மூன்று விதமாகப் போடுவார்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சிவப்பு அட்டை. சுமாராக வாசிப்பவர்களுக்கு மஞ்சள். எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களுக்குப் பச்சை. பச்சைக்கென்று முந்நூறு சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதற்கு வெளியே ஒரு சொல் வரக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் போகக் கூடாது. பட்டியலைத் தயாரித்தவர் மேலாளர். அவர் பிள்ளைகளோடு பேசி நேரத்தை வீணாக்கியவர் இல்லை. ஆகையால் அவர்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நீளக் கதையைக் குறுக்கிக் கொடுப்பது ஒரு பெண்ணின் வேலை. அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர்.

இந்த முறை வந்தது முற்றுகையில் சிக்கிய ஒரு பழைய நகரத்தின் கதை. மதிலுக்கு வெளியே எதிரிப்படை. கடும் குளிர். உள்ளே ரொட்டி சுடும் பெண் ஒருத்தி, தன் பங்கு ரொட்டியை மதிலில் இருந்த ஓட்டை வழியாகப் பசித்துக் கிடந்த எதிரி வீரர்களுக்குத் தள்ளிவிடுகிறாள். பிடிபடுகிறாள். சொந்த ஊர்க்காரர்களே அவளைத் தூக்கிலிடுகிறார்கள்.

பட்டியலில் ‘எதிரி’ இல்லை. ‘தூக்கு’ இல்லை. ‘முற்றுகை’யைக் கேட்கவே வேண்டாம். பூனை இருந்தது, பந்து இருந்தது, ‘நண்பன்’ இருந்தான். கத்தரி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டாள்.

“ஒரு அம்மா இருந்தாள். ரொட்டி சுட்டாள். நண்பர்களுக்குக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.”

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரித்திரம்னா இப்படித்தான்மா இருக்கணும். யாருக்கும் ஒரு சங்கடமும் இல்ல பாரு.”

வாசிப்பு நிலையைப் பார்த்துக் கடவுள் இரக்கத்தைப் பங்கிட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பொறுப்பைப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது.

அச்சுக்கு முன் மாதிரிப் பிரதிகளை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது வழக்கம். கத்தரியின் மகளும் அங்கேதான் படித்தாள். பன்னிரண்டு வயது. வகுப்பிலேயே உயரம் என்பதால் நெட்டை என்பார்கள். எழுத்துகள் மட்டும் அவளைக் கண்டால் இடம் மாறி நின்றுகொள்ளும். அவளுக்குக் கிடைத்தது பச்சை.

அன்று சாயங்காலம் பையை ஒரு மூலையில் வீசினாள்.

“இனிமே வாசிப்பு வகுப்புக்குப் போக மாட்டேன்.”

“ஏன்டி, என்ன ஆச்சு?”

“டீச்சர் எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு, அந்த அம்மா செஞ்சது சரியா தப்பான்னு கேட்டாங்க. ஃப்ரெண்டுக்கு ரொட்டி குடுக்கறதுல என்ன தப்புன்னு நான் கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. ‘உனக்குக் குடுத்தது பாப்பா புத்தகம்டி’ன்னு சிவப்பு அட்டைக்காரி சொல்றா. அந்த அம்மா எதிரிக்குத்தான் குடுத்தாளாம். நிஜமாம்மா?”

“ஆமா.”

“அப்போ அதைத்தானே எழுதணும்? ஃப்ரெண்டுக்கு யார் வேணா குடுப்பாங்க. அதுக்கெல்லாம் புத்தகம் போடுவாங்களா? எந்த அறிவாளி எழுதினது இதை?”

அறிவாளி அடுப்பை அணைத்தாள். “நான்தான்.”

நெட்டை அம்மாவைப் பார்த்தபடி நின்றாள். “எனக்கு வாசிக்கத்தானேம்மா நேரமாகும்?” என்றாள் மெதுவாக. பிறகு சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கத்தரி மேலாளர் முன்னால் போய் நின்றாள். “சார், ‘எதிரி’ங்கற ஒரே ஒரு சொல்லைப் பட்டியல்ல சேர்த்துக்கணும்.”

“முந்நூறுன்னா முந்நூறு. ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும். எதை அனுப்புவே?”

“பூனையை அனுப்புங்க சார்.”

“பூனையையா!” மேலாளர் நெஞ்சில் கை வைத்தார். “பூனை இல்லாம ஒரு குழந்தைப் பருவமா? அதெல்லாம் முடியாது. நாளைக்கு அச்சு. போய் வேலையைப் பாரு.”

கத்தரி பட்டியலை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடி, பசி, கோபம், ஊர், வீடு எல்லாம் இருந்தன. பூனைக்கும் பந்துக்கும் நடுவில் அவை இத்தனை நாளும் சும்மா கிடந்திருக்கின்றன. மதியத்துக்குள் முடித்திருந்த வேலை இந்த முறை பொழுது சாயும்வரை இழுத்தது.

“சிலர் ஊரை அடிக்க வந்தார்கள். அவர்களுக்குப் பசி. அவள் தன் ரொட்டியைக் கொடுத்தாள். ஊருக்குக் கோபம். அவளைக் கூட்டிப் போனார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை.”

மேலாளர் பேனாவால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை சரிபார்த்தார். பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் இல்லை. ஐந்து சொல்லைத் தாண்டிய வாக்கியம் இல்லை.

“சோகமா இருக்கேம்மா.”

“பட்டியல்ல சோகமே இல்லையே சார். எப்படி வரும்?”

தன் சட்டத்தைத் தானே மீறுகிற மனிதரல்ல அவர். பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று இரவு கத்தரி அந்தத் தாளை நெட்டையின் கையில் கொடுத்தாள். நெட்டை விரல் வைத்து மூன்று முறை வாசித்தாள். மறுநாள் வாசிப்பு வகுப்புக்குப் போனாள்.

டீச்சர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். சிவப்பு அட்டைக்காரர்கள் மதிலின் உயரத்தைச் சொன்னார்கள், பீரங்கியின் எடையைச் சொன்னார்கள், மன்னனின் மூன்று பட்டப் பெயர்களையும் சொன்னார்கள். அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள் என்றதும் கூரையைப் பார்த்தார்கள். முதல் நாற்பது பக்கமும் பீரங்கிதான். அதைத் தாண்டியவர் யாருமில்லை. ரொட்டி எதிரிக்குப் போன விஷயம் பின்னட்டையில் இருந்ததால் தெரிந்திருந்தது.

நெட்டை எழுந்து வாசித்தாள். ஆறு வரிகளுக்கு நான்கு நிமிடம் ஆனது. முதல் வரியில் எங்கோ ஒரு சிரிப்புக் கேட்டது. நான்காவது வரியில் அது இல்லை.

“திரும்பலைன்னா?” என்றாள் சிவப்பு அட்டைக்காரி.

“கொன்னுட்டாங்க. அவ ஊர்க்காரங்களே.”

“அந்த ரொட்டியைச் சாப்பிட்டவங்க? அவங்க என்ன செஞ்சாங்க?”

“என்னோடதுல அது இல்ல. உன்னோடதுல இருக்கும். வாசிச்சுச் சொல்லு.”

சிவப்பு அட்டைக்காரி பக்கங்களைப் புரட்டினாள். பொடி எழுத்து, அடிக்குறிப்புகள் வேறு. சத்தமாக வாசிக்கத் தொடங்கி, ஒரு தளபதியின் பெயரில் நாக்கு சிக்கி நின்றாள். காது சிவந்தது.

“மெதுவா வாசி,” என்ற நெட்டை, தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”