மூன்றாவது பூட்டு

1

அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த சமூகமே நாகரிகத்தின் உச்சியைத் தொடுகிறது.

இதை நான் கதைக்காக எழுதவில்லை. வங்காளத்தில், லேக் கார்டன்ஸில் உள்ள எங்கள் தமிழ் மன்றத்தின் விதிச் சீர்திருத்த அறிக்கைக்கு, செயலாளர் என்ற முறையில் எழுதிய முன்னுரை. பதினான்கு பேர் கைதட்டினார்கள். அந்தப் பதினான்கு பேரால் ஒரு கதவைத் திறக்க முடியவில்லை. கதை அந்த எரிச்சலில் பிறந்தது.

மன்றத்தில் இரண்டு அணி: ரயில்வேயிலும் வங்கியிலும் ஓய்வுபெற்ற பழைய குடும்பங்கள், ஐடி வேலைக்கு வந்த இளைஞர்கள். தேர்தல் கைகலப்பானதும் சமரசம் செய்துகொண்டோம். செயற்குழுவில் ஏழுக்கு ஏழு. மாடி அரங்குக்கு இரண்டு பூட்டு, அணிக்கு ஒரு சாவி. (ஒருவரை ஒருவர் நம்பாததற்கு நாங்கள் வைத்த பெயர் ‘சமநிலை’.)

2

‘வானம் கிழிந்ததுபோல் மழை...’

வேண்டாம். பழியை மழைமேல் போட இது அறிக்கை அல்ல.

மன்ற உறுப்பினர் விஜயலட்சுமியின் தரைத்தள அறையில் கட்டில்வரை தண்ணீர். கணவனுக்குக் கரக்பூரில் வேலை. மூன்று மாதக் குழந்தையோடு அரங்கின் திறந்த படிக்கட்டில் நின்றாள். பழைய அணியின் சாவிக்காரர் கோவிந்தராஜன் ஓடிவந்து தன் பூட்டைத் திறந்தார்.

“இன்னொண்ணு?”

“அது ரிஷிகிட்டம்மா.”

இளைஞர் அணியின் சாவிக்காரன் ரிஷி, ஊரின் மறுகோடியில் சால்ட் லேக் அலுவலகத்தில். போனில் சொன்னான்: “ரோடெல்லாம் தண்ணி, அங்கிள். பூட்டை உடைக்கணும்னு குரூப்ல தீர்மானம் போடுங்க, ஓகே பண்றேன்.”

“தீர்மானத்துக்கு ரெண்டு நாள் நோட்டீஸ் வேணுமேப்பா.”

“அந்த விதியைக் கேட்டு வாங்கினதே உங்க ஆளுங்கதானே?”

“கையெழுத்துப் போட்டது நீங்க!”

“சார், குழந்தை நடுங்குது,” என்றாள் விஜயலட்சுமி. “உங்க விதியை எடுத்து இதுக்குப் போர்த்துங்க.”

எதிர்வீட்டு வங்காளி அண்ணி, எங்கள் எல்லோருக்கும் பௌதி, “எஷோ, எஷோ” என்று கையைப் பிடித்து அழைத்துப்போவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. குழந்தை நிமோனியாவோடு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது.*

* பிழைத்ததால்தான் ‘சீர்திருத்தம்’. இல்லையென்றால் ‘இரங்கல் தீர்மானம்’.

3

கோவிந்தராஜனை வில்லனாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும் குழந்தைக்குக் குடை பிடித்து நனைந்தவர் அவர். ஒரு கருங்கல்லை எடுத்து அந்தப் பூட்டில் போட்டிருக்கலாம். விதி மீறிய பெயர் வந்துவிடுமே! நல்லவர்களின் இந்தப் பயம்தான் எனக்குக் கொலைவெறியைக் கிளப்புகிறது.

4

கூட்டம். விஜயலட்சுமி கேட்டது ஒன்றுதான்: “ஒரே பூட்டு. சாவி பௌதி வீட்டு ஆணியில தொங்கட்டும். யாருக்கு அவசரமோ எடுத்துக்கட்டும்.”

“அப்போ அதிகாரம் யார் கையில?” என்றான் ரிஷி.

“கதவு திறக்கறதுக்கு எதுக்குத் தம்பி அதிகாரம்?”

மாற்றுத் திட்டம், மன்றம் அமைத்த நிபுணர் குழுவினுடையது: நடுநிலையாளர் ஒருவருக்கு மூன்றாவது பூட்டு. நிலைத்தன்மை கூடுமாம். மூன்று சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

வாக்கெடுப்பில் முதன்முறையாக அணிகள் கலைந்தன. ஆனாலும் ஏழுக்கு ஏழு.

முடிவு அ: ஒரே பூட்டு வென்றது, எல்லோரும்...

முடிவு ஆ: விஜயலட்சுமி கருங்கல்லை...

எதையும் என்னால் முடிக்க முடியவில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இது: சமநிலையானால் செயலாளரான என் வாக்கே தீர்மானிக்கும். அந்த நடுநிலையாளர் நீங்கள்தான், பொங்கல் விழா மேடையில் நாற்காலியும் உண்டு என்றார்கள். நான் மூன்று பூட்டுக்குக் கை தூக்கினேன்.