உப்பங்கழியில் கரையாத பை

காலைக் காபி முடிந்ததும் திருநாவுக்கரசு சமையலறைக்குப் பின்னால் போய்ப் பச்சைப் பையைத் தூக்கினார். முந்தின நாள் சூரை மீனின் தலையும் குடலும், வாழைக்காய்த் தோலும், வடித்துக் கொட்டிய புளிச்சக்கையும் அதில் இருந்தன. பை மெல்லிசு என்பதால் அவர் மனைவி சுசீலா அதன் வாயைப் பழைய சேலையின் கரையைக் கிழித்த துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸின் பின்சுவர் வரை நடந்தார். சுவருக்கு அப்பால் சதுப்பு மரங்கள், அவற்றுக்கு நடுவே உப்பங்கழி. கையை நன்றாகப் பின்னால் வாங்கி வீசினார். பை தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. கையைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி. உலகத்துக்கு நல்லது செய்துவிட்டோம் என்கிற திருப்தி. அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குப்பை போடுகிறவனைக்கூட மன்னித்துவிடலாம். குப்பையைப் போட்டுவிட்டுப் பெருமைப்படுகிறவனை என்ன செய்வது?

திருநாவுக்கரசு, கடல் தாண்டித் தீவில் இருக்கும் மாயாபந்தரில் ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். கும்பகோணம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த சுசீலாவைக் கட்டிக்கொண்டு, தீவுக்காரராகவே ஆகிவிட்டவர். போன வருஷம் லீவில் சென்னைக்குப் போனபோது ஒரு கண்காட்சியில் இந்த மக்கும் பைகளைப் பார்த்தார். மூட்டையாக வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் இல்லை, சோளமாவில் செய்தது, மண்ணோடு மண்ணாகிவிடும் என்று வரிசை வீடுகளுக்கெல்லாம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். முருகன் கோயில் மண்டபத்தில் அதற்காக அவருக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

பையை நான் குறை சொல்லவில்லை. நல்ல பைதான். குழி தோண்டிப் போடு, காய்ந்த இலை சேர், மண் போட்டு மூடு, சில மாதத்தில் எருவாகும் என்று மூட்டை மேலேயே அச்சடித்திருந்தது. அதை யார் படித்தார்கள்? 'மக்கும்' என்ற ஒரு சொல்லைப் படித்தார்கள். அதோடு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அதற்கு முன்பெல்லாம் அந்த வரிசைப் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, பஞ்சாயத்தின் கச்சரா வண்டியில் குப்பையைக் கொட்டிவிட்டு வருவார்கள். மழையில் அந்த மேடு வழுக்கும்; திட்டிக்கொண்டேதான் போவார்கள். ஆனால் போவார்கள். கழியில் குப்பை கொட்டுவது தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பச்சைப் பை வந்ததும் அதே தப்பு புண்ணியமாகிவிட்டது. பின்சுவரிலிருந்து ஒரு வீச்சு, வேலை முடிந்தது. கேட்டால், கரைஞ்சிடுமே என்பார்கள்.

சுசீலா மட்டும் கொல்லையில் ஒரு குழி வெட்டலாம் என்று பல தடவை சொல்லிப் பார்த்தாள். திருநாவுக்கரசு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தீவின் பூரானைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அவர் பயம் புரியும். முழ நீளம் இருக்கும்; கடித்தால் ராத்திரி முழுக்க ஆள் கத்துவான். குப்பைக்குழி வெட்டினால் பூரான் வரும் என்று அவர் பேச்சை முடித்துவிட்டார். அவளும் விட்டுவிட்டாள். தினமும் பையைக் கட்டிக் கொடுத்தது அவள் கைதான்.

அந்தக் கழியின் அக்கரையில் ஒரு குடியிருப்பு உண்டு. சாலை சுற்றிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் அதுவும் சேறு. அவசரம் என்றால் நாகமுத்துவின் டோங்கிதான். டோங்கி என்பது இன்ஜின் வைத்த சிறுபடகு. அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவதும், பெண்கள் பஜாருக்கு வருவதும், நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வருவதும் அதில்தான்.

ஆடி மாதத்தில் ஒரு விடிகாலை, அக்கரையில் உதயாவுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். புருஷன் பிரவீன்குமார் ஓடிப்போய் நாகமுத்துவை எழுப்பினான். இருவருமாக அவளைத் தூக்கி டோங்கியில் படுக்க வைத்து, மழைக்குத் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். நேராக வந்தால் அவ்வளவு தூரமில்லை.

குவார்ட்டர்ஸ் பின்சுவருக்கு நேரே வரும்போது இன்ஜின் முக்கியது. அப்புறம் நின்றுவிட்டது. தண்ணீர் வடிகிற நேரம். இழுப்பு டோங்கியைச் சதுப்பு மர வேர்களுக்குள் கொண்டுபோய்ச் சொருகியது. என்னவென்று நாகமுத்து எட்டிப் பார்த்தான். தண்ணீருக்கடியில் இன்ஜின் விசிறியில் ஏதோ சுற்றிச் சிக்கியிருந்தது. மேலே இருந்தபடி கம்பால் தள்ளினான், வரவில்லை. இறங்கித்தான் அறுக்க வேண்டும்.

இறங்க வேண்டிய இடத்தில் முதலை இருந்தது. அந்தக் கழியில் முன்பெல்லாம் முதலை அபூர்வம். மீன்குடலும் கோழித்தோலும் நாள் தவறாமல் விழ ஆரம்பித்த பிறகு அதற்கும் அது சாப்பாட்டு இடமாகிவிட்டது. பின்சுவரில் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பையை வீசினார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

பிரவீன்குமார் துடுப்பால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தான். நாகமுத்து கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி, விசிறியில் சுற்றியிருந்ததைத் தடவித் தடவி அறுத்தான். தலைக்கு மேலே உதயா கதறினாள். அறுத்து முடித்து, வேரிலிருந்து டோங்கியைப் பின்னுக்கு இழுத்து, இன்ஜினைக் கிளப்பி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. உதயா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. இன்ஜினைச் சரியாகப் பார்க்காதவன் என்றார்கள். ராத்திரி குடித்திருப்பான் என்றார்கள். குடிக்கிற பழக்கமே இல்லாதவனை. இனி அவன் டோங்கியில் ஆள் ஏற்றக் கூடாது, போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது? பின்சுவர் வரிசைக்காரர்கள்தான். இளைத்தவன் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாமே.

நாகமுத்து விசிறியில் அறுத்ததைத் தூக்கிப் போடவில்லை. படகுத்துறையில் நின்ற டோங்கியின் முனையில் தொங்கவிட்டிருந்தான், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று. மீன் வாங்கப் போன சுசீலா அதைப் பார்த்தாள். பச்சைப் பைகள் நாலைந்து முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி கிடந்தன. எண்ணெய்க் கறை படிந்திருந்ததே தவிர, ஒரு மூலைகூட மக்கியிருக்கவில்லை. அவற்றில் ஒன்றின் வாயில் மஞ்சள் கரைத் துண்டு, மாங்காய்ப் பூ போட்டது. அவள் வளைகாப்புக்கு அம்மா வீட்டில் எடுத்துக் கொடுத்த சேலை அது. நைந்துபோய் அவளே கிழித்தாள். அவளே கட்டிய முடிச்சு.

மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். புருஷனிடம் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. அவள் விடாமல் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நாகமுத்து முந்தின நாளே அதை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் போயிருக்கிறான், படித்த சார் நியாயம் சொல்வார் என்று. அவர் பார்த்துவிட்டு, யார் வீட்டுக் குப்பையோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சும்மா இரு சுசீலா. அது மக்குற பை, எல்லாருக்கும் தெரியும். இன்ஜினைப் பாத்துக்காதது அவன் தப்பு. நம்ம பேரு வெளிய வந்தா என் சர்வீஸ் என்னாகும்?"

 அவள் அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். கமிட்டித் தலைவர் ஜம்புலிங்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார். நாகமுத்து தூண் ஓரமாகத் துண்டை இடுக்கிக்கொண்டு நின்றான். பிரவீன்குமார் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தான். சவரம் செய்யாத முகம். ஆளாளுக்கு நாகமுத்துவைத் திட்டினார்கள். அவன் தன் பக்கம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அடக்கினார்கள். கடைசியில் ஜம்புலிங்கம், போலீசுக்கு எப்படி எழுதுவது என்று திருநாவுக்கரசைப் பார்த்துக் கேட்டார். திருநாவுக்கரசு தொண்டையைக் கனைத்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சுசீலா எழுந்து வந்தாள். வரும் வழியில் படகுத்துறையில் நாகமுத்து தொங்கவிட்டிருந்ததை அறுத்துக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எடுத்து நடு மண்டபத்தில் போட்டாள். நாற்றத்தில் முன்வரிசை மூக்கைப் பொத்தியது.

"இந்த மஞ்சக் கரை என் சேலை அண்ணாச்சி. இந்த முடிச்சு நான் போட்டது. கழியில போட்டவரு என் வீட்டுக்காரரு. மீதிப் பையெல்லாம் யார் வீட்டுதுன்னு எனக்குத் தெரியாது. மூக்கைப் பொத்துறவங்களுக்குத் தெரியும்."

 ஜம்புலிங்கத்தின் வீடும் அந்த வரிசைதான். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரவீன்குமார் குனிந்து அந்தப் பைகளைக் கையில் எடுத்தான். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். பிய்ந்து வரவில்லை. பிறகு திருநாவுக்கரசின் முன்னால் போய் நின்றான். அவன் குரல் உயரவே இல்லை.

"சார், இது கரைஞ்சிடும்னு இதே மண்டபத்துல சொன்னீங்க. எப்ப சார் கரையும்? நான் உதயாகிட்ட போய் என்ன சொல்லட்டும்?"

பொன்னாடை போர்த்திய இடத்தில் நின்றுகொண்டிருந்தார் திருநாவுக்கரசு, ஆயிரம் பேருக்கு மனு எழுதிக் கொடுத்த மனிதர்.  அவர் கால் தானாக நகர்ந்து தூணருகே போயிற்று. நாகமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பில்லப்பா, என் மேலதான்" என்றார். அதை எல்லோர் காதிலும் விழும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் சுசீலா. சொன்னார்.

நாகமுத்து கையை உருவிக்கொண்டான். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

போலீஸ் பேச்சு அதோடு நின்றது. ஆனால் உதயாவின் மடி வெறுமையாகத்தானே இருக்கிறது? கூட்டம் கலைந்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் திருநாவுக்கரசு கொல்லையில் மண்வெட்டியோடு நின்றார். தயங்கித் தயங்கி மண்ணைக் கிளறினார். ஒரு கல்லைப் புரட்டியதும் அடியிலிருந்து பூரான் ஒன்று சரசரவென்று ஓடியது. அவர் துள்ளிப் பின்வாங்கினார். பக்கத்து வீடுகளின் பின்கதவுகள் திறந்தன. சிலர் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றே சுசீலா சத்தமாகப் பேசினாள்.

"பூரான் வந்தா வரட்டும், வெட்டுங்க. முதலையையே கூப்பிட்டு சோறு போட்டோம், அப்ப பயம் வரலியே. அந்தப் பை மூட்டையில என்ன எழுதியிருக்கு? குழியில போடு, இலை போடு, மண்ணு போடுன்னு எழுதியிருக்கு. கழியில வீசுன்னு எழுதல. நல்ல பை வாங்கிட்டா நாம நல்லவங்கன்னு ஆயிடாது. குப்பை நம்மளோடது. அதை மக்க வைக்கிறதும் நம்ம வேலைதான். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் ஒரு பிள்ளையைக் கொன்னுட்டோம்."

பின்கதவுகளில் ஒன்றுகூட மூடவில்லை. திருநாவுக்கரசு மண்வெட்டியை ஓங்கினார்.