வருஷம் திரும்பாத வீட்டுப் பலகை

பலகை முடிந்த மறுநாள்தான் ஆதிமூலத்துக்கு விஷயம் எட்டியது. செய்தவன் வீட்டில் ஒரு சாவு. அதுவும் வருஷம் திரும்பாத சாவு. அதுவும் பெண்டாட்டி.

உடனே போன் செய்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இதுலல்லாம் ஒண்ணும் கெடையாது. வூட்ல ஒத்துக்க மாட்டேன்றாங்க. புதன்கிழம கிரகப்பிரவேசம். மொத மொத வாசல்ல மாட்டுற பொருளு, பாருங்க..."

"சரிங்க" என்றான் வளவன்.

"நீங்க படிச்சவரு. புரிஞ்சுப்பீங்க."

"சரிங்க."

அந்த ஆவணியில் இது மூன்றாவது. முதல் இரண்டு பேரும் போன் கூடச் செய்யாமல் டவுனுக்குப் போய் ஸ்டீல் தகட்டில் ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைச் சுற்றி வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பலகை. அதை நம்பித்தான் வளவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தான். கடைப் பலகை, டாக்டர் பலகை எல்லாம் எப்போதாவது வரும். புதுமனைப் பலகைதான் சோறு. இந்தப் பேச்சு தெருத்தெருவாகப் பரவினால் மெஷின் நின்றுவிடும். மெஷின் நின்றால் மறுபடியும் விடியற்காலை ஷிப்ட் பஸ்தான்.

மெஷினை அவனே கட்டினான். அலுமினியச் சட்டங்கள் பழைய சாமான் கடையில் பொறுக்கியவை. மோட்டார்கள் பார்சலில் வந்தவை. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் சூடாகாமல் இருக்க ஒரு ஏர் கூலர் பம்பு, ஒரு பெயிண்ட் வாளித் தண்ணீர். கம்ப்யூட்டரில் எழுத்தைக் கொடுத்தால் கட்டர் மரத்தின் மேல் போய்ப் போய் வரும். எழுத்தைச் சுற்றியுள்ள மரத்தைத் தின்றுவிட்டு எழுத்தை மட்டும் மேடாக நிறுத்தும்.

முதல் ஆறு மாதம் நின்றதெல்லாம் உடைசல். கம்ப்யூட்டரோடு வந்த எழுத்துகளுக்கு இடுப்பு ஒல்லி. தேக்கில் கட்டர் திரும்பும் இடமெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அவன் மனைவி அபிநயாதான் பென்சிலை எடுத்தாள். அவள் கணக்கு டீச்சர். கட்டர் ஆறு மில்லியா, அப்படியென்றால் எந்தச் சந்தும் ஏழுக்குக் கம்மியாக இருக்கக் கூடாது என்று தொடங்கினாள். கிராஃப் தாளில் ஒவ்வோர் எழுத்தாக வரைந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஒருநாள் ஓர் எழுத்தின் புள்ளி பிய்த்துக்கொண்டு பறந்து வந்து வளவன் கன்னத்தில் அடித்தது. அன்றைக்கு எல்லாப் புள்ளிகளையும் சுண்டைக்காய் அளவுக்குக் குண்டாக்கினாள். எட்டு மாத வேலை. அதற்கப்புறம் ஒன்றும் உடையவில்லை.

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அவள் இல்லை.

அதிலிருந்து வளவன் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னான். புடவைகளை யாருக்கோ கொடுத்துவிடலாமா என்றார்கள். சரி. போட்டோவை எந்தச் சுவரில் மாட்டலாம் என்றார்கள். நீங்கள் சொல்கிற சுவர். சாப்பாடு போட்டால் சாப்பிட்டான். மெஷின் ஓடினால் பக்கத்தில் நின்றான்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா அன்புச்செல்வி அன்று சாயங்காலம் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒன் கையால வாங்கறதுதானேடா அவங்களுக்கு ஆகல? நான் குடுக்கறேன். மெஷினே என்னுதுன்னு சொல்லிக்கறேன். எனக்குத் தாலி இருக்குது, ரெண்டு புள்ள இருக்குது. ஒங்க மாமா குறட்டையத் தவிர எந்தக் கொறச்சலும் இல்ல. நீ அந்தக் கொஞ்ச நேரம் உள்ள இரு. போதும்."

"சரிக்கா."

"இன்னா சரி? மூஞ்சப் பாத்து சொல்லு."

"சரி."

அவளே ஆதிமூலத்துக்குப் போன் போட்டுப் பேசினாள். அவருக்கு நிம்மதி. பலகை அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. "உங்க கையால வெத்தல பாக்கு வெச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும்மா. அவரு மட்டும் எதுர்ல வராம..." என்று இழுத்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வந்தார்கள், ராகு காலத்துக்கு முன்னால். ஆதிமூலம் தாம்பாளத்தோடு வந்தார். அவர் மனைவி கஸ்தூரி பட்டுப்புடவையில் வந்தாள். கூடத்தில் ஒரு நாற்காலியின் மேல் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான்கடித் தேக்கு. 'அருணை அகம்' என்று பெரிதாக, கீழே இருவர் பெயரும். நான்கு மூலையிலும் அன்புச்செல்வி மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாள்.

வளவன் பக்கத்து அறையில் மெஷின் ஓரமாக நின்றான். ஓடாத மெஷின். கதவு ஒருக்களித்திருந்தது. தன் வீட்டில் தான் ஒளிந்து நிற்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதுவும் பெரிதாகப் படவில்லை. ஐந்து நிமிஷம். போய்விடுவார்கள்.

"ஐயோ, எழுத்தப் பாருங்களேன்!" என்றாள் கஸ்தூரி. விரலால் தடவுகிற சத்தம் கேட்டது. "எதுத்த வூட்ல பாத்ததுலேர்ந்து எனக்கு இதே மாரி வேணும்னு சொல்லிக்கினு இருந்தேன். வேற எங்கயும் இப்பிடி இல்ல. யாரும்மா எழுதுனது?"

அன்புச்செல்வி தயங்கவே இல்லை. "யாரும் எழுதலம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கறது. பட்டனத் தட்டுனா வந்துடும்."

பத்து மாதமாக வளவனுக்குள் எதுவும் அசைந்ததில்லை. சுடுகாட்டில் கூட. இப்போது கதவு திறந்தது. திறந்தது தன் கைதான் என்று பிறகுதான் தெரிந்தது.

"கம்ப்யூட்டர் இல்லம்மா. என் பொண்டாட்டி எழுதுனது."

ஆதிமூலம் சட்டென்று ஓரடி பின்னால் போனார். தாம்பாளத்தில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"டேய், உள்ள போடா" என்றாள் அன்புச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு.

"அபிநயான்னு பேரு. ஒவ்வொரு எழுத்தும் அவ வரைஞ்சது. நான் மெஷின் ஓட்டுறவன், அவ்ளோதான்."

"தம்பி, நாங்க நல்ல காரியத்துக்காக வந்திருக்கோம்" என்றார் ஆதிமூலம். "இது என்னாங்க, சொன்ன பேச்சு ஒண்ணு, நடக்கறது ஒண்ணு?"

"அந்தப் பேச்சு தப்பு. நான் ஒத்துக்கினது தப்பு." அவன் குரல் உயரவில்லை. "உங்க தெருவுல பதினாலு வீட்ல அவ எழுத்து இருக்குது. கட்டட வேலையப் பாத்துக்கினு எதுத்த வீட்டுக் கேட்டுகிட்ட நின்னுதான நீங்க தெனம் பேப்பர் படிக்கிறீங்க? தலைக்கு மேல இருக்கறது அவ எழுதுனதுதான். உங்களுக்கு ஆகாதுன்னா போய் பதினாலயும் கழட்டச் சொல்லுங்க."

"அது... அப்ப அவங்க உயிரோட இருந்தாங்க."

"எழுத்து அதே எழுத்துதானங்க?"

ஆதிமூலம் மனைவியைப் பார்த்தார். கஸ்தூரி பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டிருந்தாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

வளவன் பலகையைத் தூக்கினான். கனம். இரண்டு கைகளாலும் அவர்கள் முன் நீட்டினான்.

"எடுத்துக்கினு போறதா இருந்தா தெரிஞ்சு எடுத்துக்கினு போங்க. என் கையிலேர்ந்து வாங்கிக்கங்க. அக்கா கையில வாங்கறதா இருந்தா வேணாம்."

வெளியே குக்கர் பழுதுபார்க்கிறவன் மைக்கில் கத்திக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்புகிற வரை வளவன் நீட்டியபடியே நின்றான். தோள்பட்டை கடுத்தது. இறக்கவில்லை.

கஸ்தூரியின் கை ஒருமுறை லேசாக எழுந்தது. "வா போலாம்" என்றார் ஆதிமூலம். கை இறங்கியது. போனார்கள்.

அன்புச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நல்லாப் பேசுனடா. இனிமே ஊர் பூரா பேசும். ஒரு ஆர்டர் வராது. தெரியுதா?"

"தெரியுது."

"தெரிஞ்சுதான் பேசுனியா?"

"ஆமா."

"ஒரு ரெண்டு மாசம்டா. வருஷம் திரும்பியிருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். ரெண்டு மாசம் வாய மூடிக்கினு இருக்க முடியலயா ஒனக்கு?"

"நான் இருந்துருப்பேன்கா. நீ அவளக் கம்ப்யூட்டர்னு சொல்லிட்ட."

அன்புச்செல்வி எழுந்தாள். கீழே கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வளவன் பலகையின் குங்குமத்தைத் துடைத்தான். அதைக் குப்புறத் திருப்பி மெஷின் மேல் படுக்க வைத்தான். சுற்றிலும் விளிம்பு எழுத்தளவுக்கே மேடாக இருந்ததால் ஆடாமல் உட்கார்ந்தது. பின்பக்கம் வெறும் தேக்கு. நான்கு மூலையிலும் பட்டி வைத்து இறுக்கினான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான்கு வரி அடித்தான். எதையும் இரண்டாம் தடவை யோசிக்கவில்லை. பம்பைப் போட்டான், ஸ்பிண்டிலைப் போட்டான். தூள் பறந்தது. ஆறு மணி நேரம் பக்கத்திலேயே நின்றான். சாப்பிடவில்லை. பசித்தது. பசி தெரிந்தே பல மாதம் ஆகியிருந்தது.

சனி, ஞாயிறு வார்னிஷ் காய்ந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் கவரும் கையுமாக அந்த ரோட்டில்தான் நடப்பார்கள். வளவன் அந்த நேரம் பார்த்துத்தான் ஏணியை வெளியே எடுத்தான். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், ரோட்டைப் பார்த்து.

வளவன்
இந்த வீட்டில் சாவு நடந்து பத்து மாதம் ஆகிறது
புதுமனைப் பலகைகள் செய்து தரப்படும்
எழுத்துகள்: என் மனைவி அபிநயா

இரண்டு ஸ்க்ரூ ஏறும்போது அன்புச்செல்வி வந்துவிட்டாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

"ஒனக்குப் பைத்தியமாடா புடிச்சிருக்குது? சாவப் போய் எவனாவது போர்டு எழுதி மாட்டுவானா?"

"மாட்டறேன்ல."

"எறங்கு கீழ."

"இன்னும் ரெண்டு ஸ்க்ரூ இருக்குது."

நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் மனுக் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "எழுத்து நல்லாகீது" என்றார். யாரிடமும் இல்லை, பொதுவாக. ஒரு பைக் வேகம் குறைந்து, பார்த்து, போனது.

அன்புச்செல்வி அவர்களைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கடைசி வரியில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"பின்னாடி அந்த ஆளு பேரு இருக்குதேடா?"

"செவுத்தப் பாத்துக்கினு இருக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகக் கோபமும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் சுவரோரத் திட்டுக்கல் மேல் ஏறினாள்.

"கோணலா மாட்டிருக்க. மாட்டுறதுதான் மாட்டுற, நேரா மாட்டு. ஒன் பக்கம் எறங்கியிருக்குது பாரு." பலகையின் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். "தூக்கு. இன்னும். போதும். முடுக்கு."

அவன் முடுக்கினான். மூன்று. நான்கு.

"இன்னும் ரெண்டு சுத்து சுத்து" என்றாள் அவள், கையை எடுக்காமல். "எவனாவது வந்து கழட்டிடப் போறான்."

"நாலு இஞ்சு ஸ்க்ரூக்கா" என்றான் வளவன். "கழட்டுனா செவுரோடதான் வரும்."