நரூவின் அப்பாவுடைய ரத்தம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை இல்லை என்று யாரும் குறைபட வேண்டாம்.

என் மாமனாரின் சாவைப் பற்றி விசாரணை நடந்த அன்று, ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மனைவியின் சொந்தபந்தங்களோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஒலிவா. ஒலிவா என் மைத்துனனின் மனைவி, அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல்கூட எழுத உட்கார்ந்தேன்.

(என்ன கேள்வி என்று இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கு அதன் சூடு தெரியாது. கொஞ்சம் பொறுங்கள்.)

கணக்கு வாத்தியாராகக் கடல் தாண்டி, இந்தத் தீவின் மார்க்கம் பள்ளத்தாக்குக்கு வந்தவன் நான். இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே வாழை நட்டு, இங்கேயே தலை நரைத்துவிட்டது. என் தமிழைப் படிக்க இங்கே ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் என் மனைவி ரகேல் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன எழுதுற வாத்தியாரே?"

"ஒலிவா கதை."

"அப்பா வர்றாரா அதுல?"

"அவர் இல்லாம எப்படி?"

"பேரை எழுதிட்டியா?"

"இல்ல."

"உன் நண்டுக்கால் எழுத்துல எழுதினாலும் பேரு பேருதான். நான் மக, நான் சொல்லலாம். நீ மருமகன். ஞாபகம் இருக்கட்டும்."

2

தொடக்கம் அமையாமல் இரண்டு தாளைக் கசக்கியிருக்கிறேன்.

[ஒன்று:] "டாக்டர் ஜெமைமா அவாசா பிறந்தபோது ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு—"

வெள்ளம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கதாநாயகி பிறக்கும்போது வானம் இடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

[இரண்டு:] "மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகள் அனைத்தும் எளிய—"

பள்ளி ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் பேசுகிற மாதிரி இருக்கிறது.

[மூன்று:] "அந்தத் தையல் மிஷின் தேவாலயப் பெண்கள் சங்கத்தினுடையது."

இது பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

3

அந்தத் தையல் மிஷின் தேவாலயப் பெண்கள் சங்கத்தினுடையது. தலை உடைந்துபோய் மூலையில் கிடந்தது. ஜெமைமா அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து, மேல்பாகத்தைக் கழற்றி, சக்கரத்தோடு ஒரு கைப்பிடிச் சட்டத்தை இணைத்தாள். சட்டத்தின் இரண்டு முனையிலும் ரத்தக்குழாய்களைச் செருகி, காலால் மிதித்தால் போதும். சுற்றுகிற வேகத்தில் சிவப்பு அடியில் தங்கும், மஞ்சள் நீர் மேலே நிற்கும். கரண்ட் போனாலும் பரிசோதனை நிற்காது. இங்கே கரண்ட் வருவதுதான் செய்தி.

"டாக்டரம்மா என் ரத்தத்துல எனக்கே சட்டை தைக்கிறாங்க" என்று நோயாளிகள் கேலி பேசினார்கள். ஜெமைமா மிதித்தபடியே, "அளவு எடுத்தாச்சு, பித்தான் மட்டும் நீ வாங்கிட்டு வா" என்பாள்.

அடுத்தது நிறப்பலகை. ரத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்று நிறத்தை வைத்துச் சொல்லும் அட்டை உலகத்தில் ஏற்கெனவே உண்டுதான். ஜெமைமா அதை ஊர்க்கண்ணுக்கு ஏற்றபடி மாற்றினாள். வெற்றிலைப் பாக்குச் சாற்றில் எத்தனை சிவப்பு உண்டு என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்தச் சாயல்களை வரிசையாகத் தீட்டிவைத்ததும், கர்ப்பிணிகள் தாங்களே சொட்டு ரத்தத்தைப் பொருத்திப் பார்த்து, "டாக்டர், நான் வெளுத்துப்போயிட்டேன், இரும்பு மாத்திரை குடுங்க" என்று வந்து நின்றார்கள்.

ஆனால் இந்தக் கதை மூன்றாவது கண்டுபிடிப்பைப் பற்றியது.

ஒரு நாள் ஒலிவா மூன்று குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு கண்கலங்கி நின்றாள். எதிலும் பெயர் எழுதவில்லை.

"யாரோடது இது?" என்றாள் ஜெமைமா.

"ஒண்ணு என் வீட்டுக்காரரோட பெரியப்பா. ஒண்ணு அவரு அண்ணன். இன்னொண்ணும் அந்த முறைதான்."

"பேரு எழுத வேண்டியதுதானே?"

"எப்படி டாக்டர் எழுதுவேன்?"

[இங்கே ஒரு வரி விளக்கம். நம் பக்கம் கணவன் பெயரைச் சொல்லாமல், ரேஷன் கடையில் பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்ன பெண்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அதையே எடுத்து மாமனார், மூத்த மைத்துனர், அவர்களின் பங்காளிகள் என்று ஊர் முழுக்கப் பரப்புங்கள். ஆண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்வதோடு எழுதுவதையும் தடுத்துவிடுங்கள். அவ்வளவுதான்.]

ஜெமைமாவும் அதே பள்ளத்தாக்குக்காரி. அவளுக்கும் சொல்லக்கூடாத பெயர்கள் ஒரு சாக்கு மூட்டை அளவுக்கு உண்டு. எரிச்சலில் கையிலிருந்த கட்டுத்துணியைப் பர்ரென்று கிழித்தாள். கிழித்ததைப் பார்த்தாள். இரண்டு துண்டுகளையும் மறுபடி ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பார்த்தாள்.

"ஒலிவா, இங்க வா. கிழிச்ச ஓரம் இன்னொரு கிழிசலோட பொருந்துமா?"

"எப்படிப் பொருந்தும்? நூலுக்கு நூல் வேறயாச்சே."

"அப்போ பேரு எதுக்குடி?"

அன்றிலிருந்து நோயாளியின் படுக்கையருகே, அவர் கண்முன்னால், கொதிக்கவைத்து உலர்த்திய பூப்போட்ட துணியைக் கிழித்தார்கள். ஒரு பாதி மணிக்கட்டில், மறுபாதி ரத்தக்குழாயில். ரத்தம் ஏற்றுவதற்கு முன் இரண்டு ஓரமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஏற்றக்கூடாது. யாரும் யார் பெயரையும் வாயில் எடுக்க வேண்டாம். அந்த முறை நடந்த காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் ரத்தம் இன்னொருவர் குழாயில் போனதில்லை.

4

இப்போது பிரெண்டனைக் கொண்டுவர வேண்டும். ஆய்வகங்களின் தரத்தைச் சோதிக்க மேலிடம் அனுப்பிய வெள்ளைக்காரர்.

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். தொப்பை, சுருட்டு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் கொடுத்தேன். ரகேலிடம் சொல்லிக்காட்டியபோது சிரித்தாள். "அந்தாளு ஒல்லியா இருப்பாரு. நம்ம வீட்டுல அவிச்ச கடலை தின்னுட்டு, நல்லா இருக்குன்னு ரெண்டு தடவை சொன்னாரே, மறந்துட்டியா?" என்றாள்.

மறக்கவில்லை. நல்ல மனிதர்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அவர் தையல் மிஷினைப் படம் பிடித்தார். நிறப்பலகையைப் படம் பிடித்தார். துணியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மேடம், இது கந்தைத் துணி."

"கொதிக்கவெச்ச துணி. நீங்களே சோதிச்சுப் பாருங்க."

ஜெமைமா ஒரு தட்டு நிறைய ரத்தக்குழாய்களைக் கலைத்துப்போட்டாள். மற்றொரு தட்டில் மறுபாதிகள். பிரெண்டன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி நாக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொருத்தினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அருமை!" என்றார்.

"அப்போ ஒத்துக்கறீங்களா?"

"இல்ல மேடம். விதிப்படி ரத்தம் எடுக்கறவங்க நோயாளிகிட்ட பேரைக் கேக்கணும், தானும் சத்தமாச் சொல்லணும், தன் கையால குழாயில எழுதணும். துணிக்கு விதியில இடமில்ல."

"இந்த ஊர்ல பாதிப் பேரு மீதிப் பேரோட பேரைச் சொல்லக்கூடாது. நானும் அதுல ஒருத்தி."

"அதெல்லாம் பயிற்சி குடுத்தா சரியாயிடும்."

சரியாயிடுமாம்! அப்பன் பாட்டன் காலத்திலிருந்து மரியாதை என்று மனசில் ஊறிய ஒன்று, இரண்டு நாள் பயிற்சியில், தேநீர் இடைவேளையோடு சரியாகிவிடுமாம்!

"அப்போ நம்பராவது குடுங்க. பேருக்குப் பதிலா நம்பர் எழுதறோம்" என்று ஜெமைமா இறங்கிவந்தாள்.

"நல்ல யோசனை. நம்பர் சீட்டு பின்னாடி வரும். அதுவரைக்கும் பேரு."

ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு சொட்டும் நெடுஞ்சாலையில் லே நகரம் வரை போய்த் திரும்ப வேண்டும். பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிற பெண் அதுவரை காத்திருக்க மாட்டாள். ஜெமைமா தலையாட்டினாள். துணிகளைக் குப்பை எரிக்கும் குழியில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். ஒலிவாவைவிட்டே எரிக்கச் சொன்னார்கள்.

5

[இந்தப் பகுதியில் பிரெண்டனை நான் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தேன். எடுத்துவிட்டேன். எடுத்ததில் எனக்குத் திருப்தி இல்லை.]

6

என் மாமனார் வேர்க்கடலை விற்பவர். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவார், பிடிபட்டால் கண்பார்வை சரியில்லை என்பார். அவருக்கு வயிற்றுப்புண் வெடித்து, வாய்வழியே ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது ஜெமைமா பிரசவ அறையில் இருந்தாள். ரத்தம் எடுக்க ஒலிவா மட்டும்தான்.

"உங்க பேரைச் சொல்லுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவர் சொன்னார். அவள் திருப்பிச் சொல்லவில்லை. பேனாவை எடுத்தாள். குழாயில் 'நரூவின் அப்பா' என்று எழுதினாள். நரூ என் மனைவியின் அக்கா. மருமகள் மாமனாரை அப்படித்தான் குறிப்பிட வேண்டும், அதுதான் முறை.

காலையில் லாரி கவிழ்ந்து ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒலிவாவின் கணவனுக்கு அண்ணன் முறை. அவர் மூத்த பெண்ணுக்கும் பெயர் நரூ. அந்தக் குலத்தில் வீட்டுக்கு ஒரு நரூ உண்டு. அவர் குழாயிலும் ஒலிவா அதையேதான் எழுதியிருந்தாள்.

ஜெமைமா பிரசவத்தை முடித்துவிட்டு ஓடிவந்தாள். மேசைமேல் ஒரு குழாய் இருந்தது. இன்னொன்று குளிர்பெட்டிக்குள் இருந்ததை அவள் பார்க்கவில்லை.

"இது உன் மாமனாரோடதா?" என்று கூடத்துக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

மாமனாருக்கு வாந்திப் பாத்திரம் பிடித்துக்கொண்டிருந்த ஒலிவா, எழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஆமா டாக்டர்" என்றாள்.

அது லாரிக்காரருடையது. ஜெமைமா அதற்குப் பொருந்தும் ரத்தத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். விதிப்படி நோயாளியிடம் சரிபார்த்தாள்.

"நீங்கதானே நரூவோட அப்பா?"

"பின்ன, அம்மாவா?" என்றார் கிழவர். அந்த நிலையிலும் நக்கல்.

கொஞ்ச நேரத்தில் இடுப்பு பிளக்கிறது என்றார். பிறகு கட்டில் அதிர நடுங்கினார். ஜெமைமா ஊசியைப் பிடுங்கி எறிந்தாள், உப்புநீரை ஏற்றினாள், தானே வண்டியில் ஏறி லேவுக்குக் கொண்டுபோனாள். அங்கே அவர் சிறுநீர் கறுத்து, பிறகு நின்றே போனது. ரகேல் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

7

ஒரு சந்தேகம். கதைதானே, கிழவருக்கு ஏதாவது ஒரு பெயரை நானே வைத்துவிட்டால் என்ன? அப்படிச் செய்துபார்த்தேன். அழகான பெயர்தான். எழுதி முடித்ததும் கை நின்றுவிட்டது. ஒலிவா செய்ததும் இதுதானே? ஒரு மனிதரின் ரத்தத்தின்மேல் அவருடையது அல்லாத பெயரை எழுதுவது? இதே வேலையைக் காகிதத்தில் நானும் செய்ய வேண்டுமா?

அடித்துவிட்டேன். அவர் பெயர் இந்தக் கதையில் வராது.

8

விசாரணை. இனி தள்ளிப்போட முடியாது.

ஜெமைமாதான் முதலில் பேசினாள். "ரத்தத்தை ஏத்தினது நான். குளிர்பெட்டியைத் திறந்து பாக்காதது நான். துணியை எரிக்கச் சொன்னப்போ தலையாட்டினதும் நான்தான். எழுதிக்கோங்க."

அவர்கள் எழுதவில்லை. தலைவர், "உங்க சேவையை மதிக்கிறோம் டாக்டர்" என்றார். பெயர் எழுதாதவள் யாரோ அவள்தான் குற்றவாளி என்று வரும்போதே முடிவுசெய்திருந்தார்கள். பிரெண்டன் மேசையின் கடைசியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒலிவாவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"அன்னிக்கு நீங்க யாரோட ரத்தத்தை எடுத்தீங்க? முழுப் பேரைச் சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே நாங்கள் அத்தனை பேரும். துக்கம் இன்னும் முடியவில்லை, சாவுக்காகப் பெண்கள் முகத்தில் பூசிக்கொண்ட சேறு காயவில்லை. செத்தவரின் மருமகள் செத்தவரின் பெயரை, அவர் பிள்ளைகளின் காதுபட, சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி வேலையைவிட்டு நீக்குவார்கள். இனி எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் ஊசியைத் தொட முடியாது.

"நான் சொல்றேன் அவளுக்குப் பதிலா. எனக்கு அவரு முறை இல்ல" என்று ஜெமைமா எழுந்தாள்.

"சாட்சிதான் சொல்லணும், டாக்டர். உக்காருங்க."

"கொன்னது போதாதா? இன்னும் இவ வாயிலயும் மண்ணைப் போடணுமா?" ஜெமைமா மேசையைத் தட்டிய தட்டில் தண்ணீர் கிளாஸ் கவிழ்ந்தது.

[முடிவு ஒன்று:] ஒலிவா பெயரைச் சொல்கிறாள். வேலை மிஞ்சுகிறது. வீட்டில் அவள் சமைத்ததை யாரும்—

[முடிவு இரண்டு:] ஒலிவா வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் சந்தையில் வாழைப்பழம்—

[முடிவு மூன்று:] பிரெண்டன் எழுந்து, "விதியைப் போட்டது நாங்க" என்று—

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே அதை நம்ப மாட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஒலிவாவை நீங்கள் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் உட்கார்ந்து பார்க்க நான் விடமாட்டேன். எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள், அவள் நிற்கிற இடத்தில் நில்லுங்கள். அந்தக் கிழவரை உங்களுக்குத் தெரியும். என்ன விற்றார், சீட்டில் என்ன செய்தார், சாகிறபோது என்ன நக்கல் அடித்தார், எல்லாம் தெரியும். வேறு யாரோடும் அவரை நீங்கள் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

இதோ குழாய். அவர் ரத்தம் இன்னும் சூடாக இருக்கிறது. இதோ பேனா. யாருடையது என்று எழுதுங்கள்.