பத்தொன்பது நாள் வெற்றிடம்

ஆய்வகக் கதவைத் தள்ளியதுமே அவள் காதைத் தீட்டினாள். பம்ப் ஓடும் சத்தத்தைக் காணோம்.

பத்தொன்பது நாளாக ஓய்வில்லாமல் ஓடிய பம்ப் அது. எஃகுக் கலத்துக்குள் இருந்த காற்றை உறிஞ்சி, வெளியே அலுமினியத் தாளைச் சுற்றிச் சூடேற்றி, உட்சுவரில் ஒட்டியிருந்த ஈரத்தையும் விரட்டி, வேண்டிய வெற்றிடம் கிடைத்ததே நேற்று மாலைதான். அதற்காகப் பெற்ற பெண்ணைக்கூட அக்கா வீட்டில் விட்டிருந்தாள். இன்று உள்ளிருக்கும் படிகத்தில் ஒரே ஓர் அளவீடு; அத்தோடு ஆய்வேடு முடிந்தது. ஒப்படைக்கப் பத்து நாள்தான் பாக்கி.

கலத்தின் மூடி ஆவென்று திறந்து கிடந்தது. பக்கத்தில் துறைத்தலைவர், முகமெல்லாம் பல்லாக. கூடவே கோட்டுப் போட்ட ஒரு விருந்தாளி. பணிமனை அண்ணன் ஸ்பானரும் கையுமாகத் தலைகுனிந்து நின்றார்.

"சொல்லிப் பாத்தேம்மா, கேக்கல," என்றார் அவள் காதில்.

"கண்ணாடி வழியா சரியா தெரியல, அதான் திறக்கச் சொன்னேன்," என்றார் தலைவர். "மூடிட்டு மறுபடி பம்பைப் போட்டா ஆச்சு. அரைமணி நேரம் ஆகுமா?"

அரைமணி நேரமாம்! முப்பது வருஷமாகத் தாளிலேயே இயற்பியல் பண்ணியவர். அவர் கணக்கில் வெற்றிடம் வேண்டுமென்றால் ஒரு பூஜ்யம் போட்டால் போதும். காற்றுப் பட்ட படிகம் பாழ் என்பதெல்லாம் இந்த மனுஷன் மண்டையில் எங்கே ஏறப்போகிறது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விருந்தாளி கலத்துக்குள் எட்டிப் பார்த்தார். "நகம் மாதிரி ஒரு துண்டு இருக்கு. வேற ஒண்ணுமே இல்லையே?"

"ஒண்ணுமே இல்லாம ஆக்கத்தான் சார் பத்தொன்பது நாள் நாயா அலைஞ்சேன்." குரல் உயர்ந்தது, உயரட்டும். "உங்களுக்கு வேடிக்கை காட்டுறேன்னு அதைக் கெடுத்துட்டாங்க."

தலைவரின் முகம் சுண்டிப்போயிற்று. அவளை ஓரமாக அழைத்தார். "வந்தவங்க முன்னாடி என்னம்மா பேச்சு இது? கூடுதல் அவகாசம் கேட்டு எழுதிக் குடு, வாங்கித் தரேன். காரணம், கருவிக் கோளாறுன்னு போட்டுக்க."

"கருவி நல்லாத்தான் சார் இருக்கு."

அலமாரியிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில், விருந்தாளி பார்ப்பதற்காகத் துறைத்தலைவர் கலத்தைத் திறக்கச் செய்தார் என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள். அடியில் தலைவரின் கையெழுத்து இல்லாவிட்டால் அந்தத் தாள் செல்லாது.

அந்த இடத்தில் விரலை வைத்துப் பேனாவை நீட்டினாள்.

"இங்க போடுங்க சார்."