ஈரப் போர்வை

மாவு ஏற்றிய வேன் சேற்றில் அச்சு வரை புதைந்து நின்றது. எனக்கு மணிக்கட்டு சுளுக்கு. எங்கள் இழுவை வண்டியின் சாவியைக் கொழுந்தனிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்னால முடியாது அண்ணி."

போன வருடம் இதை அவன் ஓட்டி, சேற்றில் சிக்கிய ஒரு வண்டியை இழுத்தபோதுதான் என் கணவர் போய்ச்சேர்ந்தார். இழுக்கும் பட்டை எட்டவில்லை என்று இரண்டு பட்டைகளை இரும்பு வளையம் போட்டு இணைத்திருந்தார். பட்டை அறுந்ததும் வளையம் பறந்து வந்து அவர் நெஞ்சிலேயே அடித்தது. அன்றிலிருந்து கொழுந்தன் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை, என் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

இன்றும் எட்டவில்லை. நீண்டுகொடுக்கும் பட்டைகள் இரண்டை எடுத்து, வெட்டு, கிழிசல் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றின் முனையில் வளைத்துத் தைத்திருந்த காதுக்குள் மற்றதைக் கோத்து, முடிச்சு இறுகிவிடாமல் நடுவே ஒரு வாரப்பத்திரிகையைச் சுருட்டி வைத்தேன். இரும்பைக் கிட்டவே சேர்க்கவில்லை. பிறகு என் கணவரின் கம்பளிப் போர்வையை நனைத்துப் பட்டையின்மேல் போட்டேன்.

வேன்காரர் சிரித்தார். "ஏம்மா, பட்டைக்குக் குளிருதா?"

"உங்க உடம்பு சில்லிட்டுப் போயிடக் கூடாதுன்னுதான். அந்த மரத்தைத் தாண்டிப் போய் நில்லுங்க."

அவர் மரத்தை நோக்கி நடந்தார்.

"தம்பி, ஏறு."

"அறுந்துட்டா?"

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். ஏறு."

ஏறினான். நானும் மரத்தைத் தாண்டிப் போனேன். வண்டி நகர்ந்தது, பட்டை நீண்டது, படாரென்று அறுந்தது. வேனின் கொக்கிக்குப் பக்கத்தில் கூரான தகடு ஒன்று சேற்றுக்குள் மறைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. போர்வை ஒருமுறை துள்ளியது. அறுந்த பட்டையை அமுக்கிக்கொண்டு தொப்பென்று சேற்றில் விழுந்தது. யார்மேலும் ஒரு கீறல் இல்லை.

கொழுந்தன் இறங்கி வந்து போர்வையைப் பார்த்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதான்.

"என்மேல இன்னும் கோபமா அண்ணி?"

"கோபம்தான். உங்க அண்ணன்மேலயும்தான். செத்துட்டார்னு அவரை விட்டுடுவேனா? எழுந்திரு. வண்டியில வேற பட்டை இருக்கு."

எழுந்தான். தகட்டின்மேல் தடிச் சாக்கைச் சுற்றினான். போர்வையை உதறி, தானே நனைத்து வந்து புதுப் பட்டையின்மேல் விரித்தான். வண்டியில் ஏறியவன், ஒரு வருடம் கழித்து என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நீங்க மரத்தைத் தாண்டிப் போங்க அண்ணி. அப்புறம்தான் வண்டியை எடுப்பேன்."

போனேன்.